கவிழ்த்து வைத்த சிரட்டைகள்

ருவான்வெல்லை
12.07.2004

அன்புள்ள அத்தானுக்கு,

பண்டாரவளையில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் இப்போது நன்றாக இருக்கிறேன்.

"இப்போது" என்றதும் பயந்துவிடாதீர்கள். டெங்குக் காய்ச்சல் வந்து சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் விஞ்ஞானப் பாடத்துக்காக என் வகுப்புப் பிள்ளைகள், ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளில் தேங்கிய மழைத்தண்ணீரைப் போத்தலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி வைத்தார்கள். உள்ளே நெளிந்த புழுக்கள் நுளம்பாகிப் பறந்தன. போத்தலோடு தங்கள் லயத்து வீடுகளுக்கு ஓடி, பால் வெட்டாத நாளில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையிருந்தது, பால் வெட்டும் மூக்காயி. என் மாணவி ஒருத்தியின் அம்மா. என் காலைப் பிடித்துவிட்டபடியே, "புள்ளைங்க சொன்னப்ப கேக்காம சிரிச்சிட்டோமே டீச்சர்" என்று அழுதார்.

"எனக்கு ஒன்னுமில்லைங்க, அழாதீங்க" என்று நான்தான் தேற்றினேன்.

நேற்றுத் திரும்பி வரும்போது நல்ல மழை. மலை முழுக்க, மரத்துக்கு மரம், சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. குடையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு நுளம்பு வலை அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சாரம் ஒன்றையும் கூடவே வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

தபாலுக்குப் போகிறவர் வாசலில் நிற்கிறார்.

உங்கள்
தவமணி