அக்காவின் கையில் ஏறாத வளையல்

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

நீ இல்லாத வீட்டில் நல்ல செய்தி சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளைக்கு எண்ணூரில் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அதிகம் பேசமாட்டார். அக்கா ஏதாவது ஜோக் சொன்னால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். உனக்குப் பிடித்திருக்கும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரு வளையலைப் பற்றி.

பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா ஒரு ஜோடி தங்க வளையல் கொண்டு வந்தார்கள். அவர்கள் வீட்டு மூத்த மருமகள் அதைப் போட்டுக்கொண்டுதான் மாதா கோயிலில் தாலிக்கு நிற்க வேண்டுமாம். அக்கா கையைக் குவித்துக் கொடுத்தாள். கட்டைவிரல் மூட்டோடு வளையல் நின்றுவிட்டது. சோப்பு போட்டார்கள். பாலித்தீன் கவரைக் கையில் சுற்றி இழுத்தார்கள். கை சிவந்ததுதான் மிச்சம்.

"இன்னாம்மா இது, ஆர்பர்ல மூட்ட தூக்குற கை மாரி கீது" என்று சிரித்தார்கள் அந்த அம்மா. "கல்யாணத்துக்குள்ள ஏழெட்டு கிலோ எறக்குனா சொய்ன்னு ஏறிடும்."

"எறக்கிடுவா சம்பந்தி, அதெல்லாம் எறக்கிடுவா" என்றாள் நம் அம்மா.

அது நீ துறைமுகத்தில் மூட்டை இறக்கிய கைதானே, நைனா? அக்காவுக்கு அப்படியே வந்திருக்கிறது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று முதல் அக்காவுக்குக் காலையில் எலுமிச்சை போட்ட வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றுமில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். போன ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்தபோது அவள் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

பள்ளி நூலகத்தில் ஓர் உடல்நலப் புத்தகம் எடுத்தேன். ஒரு கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் மறு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமாம். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சின்ன உடல்வாகு. முனைகள் தொட்டால் நடுத்தரம். தொடாமல் நின்றால் பெரிய வாகு. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு ஒரே எடைதான் சரி என்று இல்லை. பெரிய எலும்புக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே ஆரோக்கியம். இது தோராயமான கணக்குதான் என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது.

அக்காவைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் விரல்களுக்கு நடுவே ஒரு பென்சில் நுழையும். அவள் உயரத்துக்கும் வாகுக்கும் பழைய எடையே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அம்மாவிடம் ஓடினேன். "வளையல் மாட்டிக்கிறது எலும்புலம்மா. பட்டினி கெடந்தா சதைதான் போவும். எலும்பு எப்டி சின்னதாவும்?"

அம்மா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "உங்க நைனாவும் இப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு. எங்க வாகே இதான், எங்க வாகே இதான்னு. இன்னா ஆச்சு?"

டாக்டர் உன்னிடம் குறைக்கச் சொன்னது தொப்பையை. எலும்பை இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது உன்னைத் தாங்கிப் பிடித்தவளிடம் அதை எப்படி விளக்குவது?

"வளையலப் பெருசு பண்ணித் தரச் சொல்லலாமேம்மா" என்றேன்.

"வாயத் தொறந்த, அவ்ளோதான். ஆம்பள இல்லாத வூடு. எதுனா கேட்டா, பொண்ணுங்கள இப்டியா வளத்து வெச்சிகிறன்னுவாங்க."

நேற்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்து அக்காவிடமே கொடுத்தேன். மணலி ஆலைகளின் நாற்றம் காற்றில் வந்துகொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொறுமையாகப் படித்தாள்.

"தெரியும்டி, வாத்தியாரம்மா" என்றாள். "அது ஏறாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா சாப்புட மாட்டேங்கிற?"

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். "ஏறலன்னாலும், பாவம் பொண்ணு ட்ரை பண்ணுச்சேன்னாவது சொல்லுவாங்கல்ல?"

நைனா, இதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன் எதிரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையைப் பார்த்துச் சிரித்திருப்பார்களா?

அக்காவைச் சாப்பிட வைப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. நான் தட்டை வைக்கிறேன், அவள் தள்ளி வைக்கிறாள். ஆனால் மாப்பிள்ளை அடுத்த முறை போன் செய்யும்போது, அம்மா முறைத்தாலும், வளையலைப் பெரிதாக்கித் தரச் சொல்லி நானே கேட்பேன். அவர் என்ன சொல்வாரோ, அம்மா என்னை என்ன செய்வாளோ, தெரியாது. அழுதாலும் அழுதுவிடுவேன். ஆனால் கேட்பேன், நைனா.

இப்படிக்கு,
உன் ஸ்டெல்லாவின் தங்கச்சி,
உன் சின்ன மகள் ரெஜினா