கரையிலிருந்து அசைத்த தொப்பி

குரே துறைமுகம்
12 செப்டம்பர் 1943

அன்புள்ள தெய்ஜி அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். கப்பலைப் பற்றித் தபாலில் எழுதக் கூடாது என்பதால், விடுப்பில் தோக்கியோ வரும் நண்பர்களிடமே கடிதங்களைக் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவர்களிடமே கொடுங்கள். நீங்கள் வரைந்த கப்பல் ஓட ஆரம்பித்தால் கூட வரும் நாசகாரிக் கப்பல்களுக்கே மூச்சு வாங்குகிறது. ஒற்றைப் புகைபோக்கியும் ஒல்லி உடம்புமாகப் பார்க்க அத்தனை அழகு. பழைய கப்பல்களின் பீரங்கிகளைப் போலவே இதற்கும் குண்டைக் கையால்தான் தூக்கித் திணிக்கிறோம். கூட்டாளி நுகாதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் இதை ஒரு தடவையாவது தூக்கிப் பாத்திருப்பாரா?" என்கிறான். கப்பலின் பக்கவாட்டுக் கவசத் தகடு ரொம்ப மெல்லிசு என்றும் சொன்னான். "எங்கண்ணன் அப்படி வரையற ஆளில்லடா" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். சரிதானே அண்ணா?

உங்கள் தம்பி
சோகிச்சி

தோக்கியோ
25 செப்டம்பர்

அன்புத் தம்பி,

அண்ணி உப்பில் ஊறிய பிளம் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறாள், நுகாதாவுக்கும் கொடு. முழங்காலை மடக்கித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது என்று அவனிடம் சொல். மேலிடத்தில் வேகம் கேட்டார்கள், கொடுத்தோம். மற்றதை நேரில் பேசுவோம்.

அண்ணன்

குரே
3 நவம்பர்

அண்ணனுக்கு,

என்னைத் திடீரென்று கரையிலுள்ள கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆணையைப் படித்த அதிகாரி, "பெரிய இடத்துல ஆள் இருக்கு போல" என்றார். நுகாதா சிரித்துக்கொண்டேதான் கேட்டான்: "வரைஞ்சவரே தம்பியத் தூக்கிட்டாரு. அப்ப எங்க கதி என்னடா?"

நேற்று கப்பல் கிளம்பியது. கடற்படை வழக்கப்படி கரையில் நின்று தொப்பியைக் கழற்றி அசைத்தேன். ஒருத்தராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். எல்லோரும் பதிலுக்கு அசைத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள்தானா அண்ணா?

சோகிச்சி

தோக்கியோ
10 நவம்பர்

தம்பி,

நான்தான். தகட்டின் தடிமனைக் கூட்டச் சொல்லிப் பார்த்தேன், எடை ஏறினால் வேகம் போய்விடும் என்றார்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பி உன்னை நிற்கவிட மனம் வரவில்லை. நுகாதாவுக்கும் ஓர் அண்ணன் இருப்பான் என்பது அப்போது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

அண்ணன்

குரே
20 நவம்பர் 1944

அண்ணனுக்கு,

ஒரு வருடம் எழுதாததற்கு மன்னியுங்கள். கப்பல் மூழ்கிவிட்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நுகாதா திரும்பவில்லை. நேற்று நுகாதாவின் அம்மா என்னைத் தேடி வந்தார். "உங்கண்ணன்தானே வரைஞ்சவரு? ரொம்பக் கெட்டியான கப்பல், பயப்படாதேம்மான்னு எம்புள்ள எழுதுவான்" என்றார். அன்று அவன் வாயை அடைப்பதற்காக நான் சொன்னதைத்தான் அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். "ஆமாம்மா, கெட்டியான கப்பல்தான்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? உங்களுக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொல்லி, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். சொல்லிவிட்டேன்.

அதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு கப்பலில் இடம் கேட்டேன், கிடைத்துவிட்டது. அண்ணிக்கு என் அன்பு.

இந்த முறை யாரிடமும் போய்ப் பேசாதீர்கள், அண்ணா.

சோகிச்சி