புலி முகம் யாருக்கு?

கிளென்,

இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. காரவன் வண்டிச் சாவி வழக்கமான ஆணியில்.

லீவுக்கு நம் காரவனை நிறுத்தித் தங்க நீ பதிவு செய்திருக்கும் கடற்கரை காரவன் பார்க்கின் விளம்பரத்தைப் பார்த்தேன். குதிக்கிற மெத்தை, மணல்கோட்டைப் போட்டி, முகத்தில் புலி வரைவது என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாய். நம் டீகனுக்குப் பதினாறு வயது. புலி யாருக்கு, உனக்கா?

"மத்த பார்க் எல்லாம் ஃபுல்லு, ப்ரான்" என்றாய். போன் போட்டேன். இரண்டில் இடம் இருக்கிறது. உன் பார்க்கில் இருந்த பெண்ணோ, "பக்கத்து இடம் உங்க வீட்டுக்காரரோட தம்பிக்குத்தானே? அவருக்கு வருஷா வருஷம் அதே வாரம், அதே இடம்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

உன் தம்பி ட்ரெவரோடு நமக்குப் பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. அவன் பிள்ளைகளுக்கு இப்போது ஐந்தும் ஏழும். எனக்குக் கணக்குப் போடத் தெரியாதென்று நினைத்தாயா?

ஆறு மணிக்கு வருவேன். அதற்குள் இதைவிட நல்ல பொய்யாக ஒன்று யோசித்து வை.

ப்ரான்

கராஜில் டீகனின் பழைய மணல் வாளிகள் இரண்டு கிடந்தன. கழுவி காரவனில் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் ட்ரெவர்தான் பேச வேண்டும்.