லாரியின் கண்ணில் கட்டிய மாலை

அக்டோபர் 4

பால் ஊற்ற வந்த ஹீராபாயிடம் இன்றும் சொன்னேன். மூத்தவள் கேதகி, புனேயில் வண்டிகளைச் சோதிக்கும் இடத்தில் இன்ஜினியர். முன்னால் வண்டி நின்றால் லாரி தானே பிரேக் போட வேண்டும், ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் தானே கத்த வேண்டும் என்று சட்டம் வருகிறதே, அதை எழுதும் மேசையில் என் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தவன் நிவ்ருத்தி, இருபத்தாறு வயதிலேயே பதினாறு சக்கர லாரி. லோணந்த் வெங்காயத்தை ஒரு மூட்டை நசுங்காமல் ஹூப்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். கடைக்குட்டி சுஹாஸ் மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"மூணும் ராஜாதான் ஆஜி. எந்த ராஜா வந்து உன் வாசல் பல்பை மாத்தப் போறான்? பத்து நாளா இருட்டாக் கிடக்கு" என்றாள்.

பொறாமை. பல்பை நானே மாற்றிக்கொள்வேன். ஸ்டூல்தான் ஆடுகிறது.

அக்டோபர் 6

கேதகி போன் செய்தாள். சட்டத்தின் வரைவு வெளியாகிவிட்டதாம். ஆட்சேபணை இருந்தால் யார் வேண்டுமானாலும் முப்பது நாளுக்குள் எழுதலாமாம். "கருவிய அணைச்சு வைக்க சுவிட்ச் வேணும்னு லாரிக்காரங்க கேக்குறாங்க ஆஜி. உன் பேரனும் அதுல ஒருத்தன்."

"நீயே அவன்கிட்டப் பேசேன்."

"சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

போன தீபாவளியோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. "அது பீப் பீப்னு கத்துறது மாமியாரப் பக்கத்துல உக்கார வெச்சா மாதிரி இருக்கு" என்று அவன் சிரித்தான். "அப்பா எப்படிச் செத்தார்னு மறந்து போச்சா?" என்று இவள் கேட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். என் மகன் தானாஜி போய்ப் பதினோரு வருஷம். விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதினான். ஒரு நிமிஷக் கண்ணயர்வு. அன்று அவன் வண்டியில் இந்தக் கருவி இருந்திருந்தால் —

அன்றிலிருந்து இவள் வந்தால் அவன் வருவதில்லை. அவன் வந்தால் இவள் வருவதில்லை. பல மாதம் இரண்டு பேருமே இல்லை.

அக்டோபர் 11, கண்டே நவமி

நிவ்ருத்தி வந்தான்! முதலாளி வாங்கிய புது லாரியோடு, ஆயுத பூஜைக்கு. அந்தக் கருவி வைத்த லாரிதான். விடியற்காலையிலேயே செண்டுமல்லி கட்டி வைத்திருந்தேன், ஐந்து முழம், கை பருமன். அவன் உள்ளே பூரண்போளி சாப்பிடும்போது நானே பூஜை செய்தேன். பம்பர் நடுவில் உள்ளங்கை அளவு கறுப்புத் தகடு, நெற்றி மாதிரி வழவழவென்று. அதில் மஞ்சள் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, மாலையை அதன்மேல் இரண்டு சுற்றாக இறுக்கிக் கட்டினேன்.

"என்ன ஆஜி, வண்டிய கல்யாண மாப்பிள்ளையாக்கிட்ட!"

பல்பு மாற்றித் தருகிறேன் என்று ஸ்டூலை எடுத்தான். முதலாளி போன். போய்விட்டான். மொத்தம் அரை மணி நேரம்.

அக்டோபர் 13

நிவ்ருத்தி உயிரோடு இருக்கிறான். இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்டோபர் 15

கராட் பக்கத்தில் இறக்கத்தில் வண்டிகள் நின்றிருக்கின்றன. தண்ணீர் பாட்டிலைத் தேடி ஒரு நொடி குனிந்திருக்கிறான். லாரி தானாக நிற்கவில்லை. கடைசியில் இவன் மிதித்த பிரேக்கில் வேகம் குறைந்து, முன்னால் நின்ற டேங்கரில் மோதியது. வேறு யாருக்கும் அடியில்லை. இவனுக்கு வலது கால் எலும்பு முறிவு. கராட்டில் மாமனார் வீட்டில் கட்டுப் போட்டுக் கிடக்கிறான். வரட்டுமா என்றேன். "இங்க ஏற்கனவே ஒம்பது பேரு ஆஜி" என்றான்.

பிறகு கத்தினான். "உன் பேத்தியோட கருவி கண்ணத் தொறக்கவே இல்ல! பதினெட்டாம் தேதி லாரி சங்கத்துல எழுதிக் குடுக்கப் போறேன், இந்தக் குப்பையக் கட்டாயமாக்காதீங்கன்னு."

"அதுக்குக் கண்ணு எங்கடா இருக்கு?"

"பம்பர் நடுவுல கறுப்பா ஒரு தகடு இல்ல? அதான்."

போனை வைத்தது அவனா நானா, தெரியவில்லை.

அக்டோபர் 16

அடுப்பில் பாக்ரி ரொட்டி கருகிப்போனது. அதையே தின்றேன்.

நான்தான் கட்டினேன். இரண்டு சுற்று. சொன்னால் என் முகத்தில் விழிப்பானா? சொல்லாவிட்டால் அவன் எழுதிய தாள் போய்ச் சேரும். கேதகி மேசையில் தலைகுனிந்து உட்காருவாள். கருவி வேண்டாம் என்று ஆகிவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி மகன் — டேய் தானாஜி, உன்ன வழியனுப்பின இதே கைதாண்டா. உன் புள்ளையையும் நானே —

போதும்.

அக்டோபர் 18

சங்கத்துக்குப் போகுமுன் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் திட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளா மஞ்ச விளக்கு ஒண்ணு எரிஞ்சுட்டிருந்துச்சு ஆஜி. சர்வீஸ் லைட்டுன்னு விட்டுட்டேன்." பிறகு, "கோட்டத் தாண்டினா ஊரக் கூட்டுதே, தனக்குக் கண்ணு தெரியலன்னா மட்டும் வாயத் தொறக்காதா?"

தாளைக் கொடுப்பானா மாட்டானா, சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 20

சுஹாஸின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து, டில்லியில் சட்டம் போடுகிற ஆபீசுக்கு எழுதினேன். விலாசம் ஹீராபாயின் மருமகள் எடுத்துக் கொடுத்தாள். நகல் இங்கே இருக்கட்டும்:

"ஐயா, நான் ஐந்தாவது வரை படித்தவள். என் பேரனின் லாரி நிற்காததற்குக் காரணம் நான் கட்டிய மாலை. கருவி மேல் தப்பில்லை, பையன் மேலும் இல்லை. மாலை கட்டுவதை நாங்கள் நிறுத்த மாட்டோம். எங்களுக்கு வேறெப்படியும் வழியனுப்பத் தெரியாது. ஆகையால் கண் மறைந்தால் கருவி சத்தம் போட வேண்டும், சின்ன விளக்கு போதாது. மாலை கட்டும் இடத்தைப் பம்பரிலேயே குறித்துவிடுங்கள். அணைக்க சுவிட்ச் கேட்பவர்களில் என் பேரனும் ஒருவன். அவனுக்குக் கொடுக்க வேண்டாம்."

நவம்பர் 1

தீபாவளி. நாலு பேருக்குச் சக்லி முறுக்கு சுட்டேன். அத்தனையும் ஹீராபாய் வீட்டுக்குப் போயிற்று.

நவம்பர் 14

கேதகியின் போன். "ஆஜி, டில்லிக்கு வந்த கடுதாசிய எல்லாம் மீட்டிங்ல வாசிக்கிறது என் வேலை. இன்னிக்கி ஒரு கோடு போட்ட தாள். ரெண்டாவது வரியிலயே கையெழுத்து தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல என்னால முடியல. பக்கத்துல இருந்தவர் வாங்கிப் படிச்சார்."

"சிரிச்சாங்களா?"

"சுவிட்ச் வேண்டாம்னதுக்குச் சிரிச்சாங்க. வழியனுப்புறதுக்கு யாரும் சிரிக்கல." மூக்கை உறிஞ்சினாள். "மாலை எத்தன முழம்?"

"அஞ்சு."

எழுதிக்கொண்டாள் போல. பேனா சத்தம் கேட்டது. "அவன் தாள் வரவே இல்ல ஆஜி. கால் எப்படி இருக்கு?"

"நம்பர் இருக்குல்ல, அவனையே கேளு."

ஜனவரி 27

ஸ்டூலை ஹீராபாய் பிடித்துக்கொள்ள, பல்பை நானே மாற்றினேன்.

மத்தியானம் நிவ்ருத்தியின் போன். பின்னால் பீப் பீப் என்று ஒரே சத்தம். புனேயில் கேதகியின் சோதனைத் திடலில் இருக்கிறானாம், லாரி ஓட்டிக்காட்ட. "ஒரு முழம், ரெண்டு முழம்னு மாலை கட்டிக் கட்டிப் பாக்குறோம் ஆஜி. அக்காவுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியல. எல்லாம் நான்தான்." தூரத்தில் அவள் குரல்: "டேய், போன வெச்சுட்டு வண்டிய எடு!" வைத்துவிட்டான். என்னிடம் பேச அவளுக்கு நேரமில்லை. இருக்கட்டும்.

வீடு மறுபடி அமைதி. சுவரில் இருக்கும் படத்தில் கேதகி பத்தாவது, நிவ்ருத்தி ஏழாவது, நடுவில் தானாஜி. நாளைக்குத் தபாலில் போட இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"கேதகி, புதுப் போட்டோ ஒன்று வேண்டும். இரண்டு பேரும் அந்த லாரிக்கு முன்னால் நில்லுங்கள், அதன் கண்ணை மறைக்காமல் கொஞ்சம் விலகி. என் போனில் படம் வராது. அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு."