தண்ணீரில்லாத கிணறு

நாகல் நகர், திண்டுக்கல்
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் நுஸைபாவுக்கு அத்தா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் அம்மாவும் சுகம், மெல்போர்னில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம்.

முதலில் உறுதியான செய்தி. தாடிக்கொம்பு பக்கம் ஆண்டிச்சாமியின் கிணற்றில் தண்ணீர் இல்லை. நேற்று நானே எட்டிப் பார்த்தேன், அடியில் கருவேல முள் முளைத்துக் கிடக்கிறது. பல வருஷமாய் இப்படித்தான் என்று அவர் மனைவி ஜக்கம்மாளும் சொன்னார். போன கார்த்திகையில் அவர்கள் மகள் ஜீவிதா மூழ்கி இறந்த இடமென்று போலீஸ் பதிவில் இருப்பதும், பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்த இடங்களைக் குறிக்கும் உன் ஆராய்ச்சி வரைபடத்தில் நீ புள்ளி வைத்திருப்பதும் இந்தக் கிணறுதான். நீ அனுப்பிய இடங்களை ஒவ்வொன்றாய்ப் போய்ச் சரிபார்ப்பதை அம்மா கேலி செய்கிறாள், கெணறு கெணறா எட்டிப் பாருங்க, உள்ள விழுந்தா மக உங்களையும் ஒரு புள்ளியா வச்சுக்குவா என்கிறாள்.

பிள்ளை உண்மையில் இறந்தது மல்லிகைத் தோட்டத்தை ஒட்டி மண் அள்ளிய பள்ளத்தில். மழைத்தண்ணீர் ஆளை முழுக்கும் ஆழத்துக்கு நின்றிருக்கிறது, தாயோடு பூப் பறித்தவள் கை கழுவ இறங்கியிருக்கிறாள். தோட்டமும் பள்ளமும் ஒருவருடையவை. கிணறு வற்றியபின் ஆண்டிச்சாமி குடும்பம் அவரிடம்தான் வேலை பார்க்கிறது, குடியிருக்கும் வீடும் அவர் கொடுத்தது. அதனால் ஸ்டேஷனில் சொந்தக் கிணறு என்று சொல்லிவிட்டார்கள், யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. "பிள்ளைதான் போச்சு, மத்ததுகளுக்குக் கஞ்சி வேணும்ல பாய். மாத்தி எழுதிராதீக" என்றார் ஜக்கம்மாள். அதற்கு மேல் நான் என்ன கேட்பது.

பள்ளத்துக் கரையில் நின்று இடத்தை என் போனில் குறித்தேன், உனக்கு அனுப்பவில்லை. வேலி போட வேண்டிய இடங்களென்று உன் குழு மாவட்ட நிர்வாகத்துக்குத் தரும் பட்டியலில் வறண்ட கிணறு இருக்கும், பள்ளம் இருக்காது, அது தெரிந்தேதான் அனுப்பவில்லை. மனசு கேட்காமல் தோட்டக்காரரைப் போய்ப் பார்த்தேன், யார் பேரும் எடுக்காமல், மழைக்கு முன் பள்ளத்தைச் சுற்றி வேலி போடலாமே என்றேன். "எதுக்கு பாய், அங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன், சும்மா சொன்னேன் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

உன் தங்கை மஹ்ஜபீனுக்கு இது பேறு மாதம், மறக்காமல் அவளிடம் பேசு. இறைவன் உன் கண்ணையும் உடம்பையும் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை வைத்து நீயாகப் புள்ளியை நகர்த்திவிடாதே அம்மா. மகன் கண்ணனுக்குத் திருப்பூரில் வேலை அமைந்தால் குடும்பத்தோடு போய்விடுவோம், அப்புறம் குறிச்சுக்கங்க என்று ஆண்டிச்சாமி சொல்லியிருக்கிறார். அது தீபாவளி கழிந்துதான் தெரியும். மழை இந்த வருஷம் அதற்கு முன்பே என்கிறார்கள்.

உன் அத்தா,
முகமது பாரூக்