சந்துப் பக்கம் வைத்த ஓட்டை

ஆம்பூர்

அன்பு மகன் ஜோசுவாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீ ஷார்ஜாவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதட்டுமா என்று உன் தங்கை கேட்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை, அப்படியே எழுது என்றேன். நான் சொல்லச் சொல்ல ஜாஸ்மின்தான் எழுதுகிறாள். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதைக் கொண்டுவந்து தருகிறவன் பக்கத்து வீட்டு மக்பூல் பாய் மகன் சுஹேல். ரம்ஜானுக்கு லீவில் வந்தவன் சனிக்கிழமை திரும்புகிறான். அவனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு படி. அப்போதாவது உனக்கு உறைக்கிறதா பார்க்கிறேன்.

புது வீட்டுச் சமையலறைச் சிம்னிக்குக் குழாயை எந்தப் பக்கம் விடுவது என்று மேஸ்திரி கோதண்டபாணி கேட்டபோது, முன்பக்கம் விட்டால் வீட்டின் அழகு போய்விடும், மேலே ஏற்றினால் உன் மாடி அறை மூலை வீணாகிவிடும், சந்துப் பக்கம் ஓட்டை போடு என்று ஷார்ஜாவிலிருந்து சொன்னது நீ. அந்தச் சந்தில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகமுடியும். ஓட்டைக்கு நேர் எதிரே இருப்பது மக்பூல் பாய் வீட்டு ஹால் ஜன்னல். நீ பிறந்ததிலிருந்து பார்த்த ஜன்னல். கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டை அதன் வழியாகத்தான் நீட்டுவாய். ஜனவரியில் குடிவந்தபோது எனக்கும் தெரியவில்லை. பட்டனை அழுத்தினேன், புகை போனது, நல்ல சாமான் என்று சந்தோஷப்பட்டேன். எங்கே போகிறது என்று யார் பார்த்தது? பிறகு அவர்களுக்கு நோன்பு வந்தது, நமக்குத் தவக்காலம் வந்தது. தவக்காலம் என்று நாம் கறியை நிறுத்திவிட்டு, பகலெல்லாம் கருவாடும் மீனும் வறுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருக்கிற வீட்டுக்குள் நம் வறுவல் வாசனையை ஃபேன் போட்டு அனுப்பியிருக்கிறோம் ஜோசுவா.

அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க பாய் மகள் ஆஃப்ரீனிடம் போன ஜாஸ்மின்தான் பார்த்தாள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் ஜன்னலை அடைத்து, இடுக்கில் எல்லாம் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ஆஃப்ரீனின் அம்மா அஃப்ஷா, "கொசு ஜாஸ்தியா கீது கண்ணு" என்றாளாம். பட்டப்பகலில் கொசு! இவள் சும்மா வருவாளா, திரும்பி வந்து அடுப்பங்கரையில் ஊதுபத்தி கொளுத்திச் சிம்னியைப் போட்டுவிட்டு, மறுபடி அங்கே ஓடி, மோந்து பார்த்துவிட்டு வந்தாள். "அவங்க ஹால்ல உக்காந்தே நம்ம வீட்ல இன்னா கொழம்புன்னு சொல்லிடலாம்மா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமும் அஃப்ஷா எப்போதும் போலத் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியது.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை எழுத்து மாறாமல் எழுதச் சொல்கிறேன். "அதான் ஜன்னல சாத்திக்கினாங்களே, அப்புறம் உனக்கு இன்னாம்மா பேஜாரு? என் வீடு, என் செவுரு." உன் சுவரா? இந்தப் பக்கத்தில் பாதிக் கிணறு தோல் கழிவு இறங்கி உப்பாகிக் கிடக்கிறது. நம் போர்வெல்லில் வந்த தண்ணீரை மேஸ்திரி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். இதில் கட்டினால் சுவர் பொரிந்து உதிரும் என்றார். அஸ்திவாரத்திலிருந்து மாடி வரைக்கும் உன் சுவர் குடித்தது மக்பூல் பாய் வீட்டுப் போர்வெல் தண்ணீர். சந்தில் ஓஸ் பைப் போட்டு இழுத்தோம். நீ அனுப்பியது சிமெண்டுக்கு, தண்ணீருக்கு அல்ல. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பையன் கோச்சிக்குவான் மரியம், நோன்பு முடியற வரைக்கும் சும்மா இரு" என்றார். தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசுகிற மனுஷன், பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறார். அப்படி ஆக்கி வைத்திருக்கிறாய் அவரை.

சிம்னியை நிறுத்தினேன். புகை வீட்டுக்குள்ளேயே சுற்றியது, அப்பாவுக்கு இருமல் வந்தது. கொல்லையில் விறகு மூட்டி ஆக்கினேன், புது வீட்டுக்காரி வெளியில் சமைக்கிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பண்டிகைக்கு முன்பே மேஸ்திரியை வரவழைத்துவிட்டேன். "தம்பிய ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்று இழுத்தார். "தம்பிய நான் பெத்தேன், நீ ஒடை" என்றேன். சந்துப் பக்கத்து ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது. பூச்சு காய்வதற்குள் எதிர் ஜன்னல் திறந்துவிட்டது. கஞ்சித் தூக்கைக் கழுவி அஃப்ஷாவிடம் அந்த ஜன்னல் வழியாகவே கொடுத்தேன்.

குழாய் இப்போது நேராக மேலே போகிறது, உன் அறை மூலை வழியாக. அங்கே நீ ஆசையாகச் செய்துவைத்த அலமாரியைப் பிடுங்கி ஜாஸ்மினுக்குக் கொடுத்துவிட்டேன், அதில் அவள் புத்தகங்கள் ஏறிவிட்டன. உன் அறைக்குள் வருகிற ஒரு இணைப்பில் மட்டும் கொஞ்சம் கசிகிறது, பூசி அடைத்துவிடட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். வேண்டாம், ஜோசுவா லீவில் வந்து அந்த அறையில் படுத்துப் பார்க்கட்டும், அப்புறம் அடைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். நீ வருகிற அன்றைக்குக் கருவாடுதான் வறுப்பேன். உன் ஜன்னலை நீ வேண்டுமானால் சாத்திக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். கர்த்தர் உன்னைக் காத்து நல்ல புத்தியும் தரட்டும். சுஹேலை நிற்கவைத்து அனுப்பாதே, டீ போட்டுக் கொடு. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் என்னிடம் போனில் கேட்காதே, அவனிடம் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியம்மாள்

அண்ணா, அம்மா சொன்னதில் மூன்று வசவுகளை மட்டும் நான் எழுதவில்லை. அலமாரியை நான் கேட்கவில்லை. ஆனால் திருப்பித் தரமாட்டேன். – ஜாஸ்மின்