கொடுத்து எடுத்த கோல்கீப்பர்

இரும்புலியூர், 2006

கோபக்கார மச்சானுக்கு,

பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற சண்டையில் நீ பேச்சை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை! எங்கள் ஹாக்கி கிளப், கோல்கீப்பர் முதாசிரை உங்கள் செம்பாக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் ஃபார்வர்ட் தினகரனை எடுத்துக்கொண்டது.

டீக்கடையில் ஒரே ரகளை. "கீப்பர் இல்லாம கப்பு எப்படி வரும்?" என்று ஹாஜா அண்ணன் கத்தினார்.

"கோலே போடாம கீப்பரை வெச்சிகினு இன்னா பண்றது?" என்று நான் மேசையைத் தட்டியதில் டீ கொட்டிவிட்டது.

கடைக்காரப் பொன்னியம்மாள் சிரித்தாள். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துகினீங்க. சம்பந்தி ஆயிட்டு இன்னும் இன்னாத்துக்கு மொறச்சிகினு கீறீங்க?"

ஞாயிறு அரையிறுதியில் நம் இரண்டு கிளப்பும்தான் மோதுகின்றன. உன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வை. முதாசிர் தடுத்தால் நான் கைதட்டுவேன். தினகரன் அடித்தால் நீ தட்டு. பந்து கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் சம்பந்தி